எலும்பு தெரியும் காயம் கட்டு கட்டினாலே மூடிவிடுமா?

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். முதலாவது அவருடைய தம்பியைப் பற்றியது. வயது 28. பைக்கில் போகும்போது லாரி இடித்து, கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே எலும்பு முறிந்து, தோலும் பிய்ந்துவிட்டது. வெளியே கம்பி போட்டு எலும்பை நிறுத்தியிருக்கிறார்கள். மூன்று வாரமாக ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுகிறார்கள். உள்ளங்கை அளவு புண்ணின் நடுவே எலும்பு தெரிகிறது. ஒரு டாக்டர் ஃப்ளாப் (தோலையோ தசையையோ அதன் ரத்தக்குழாயோடு சேர்த்து நகர்த்தி மூடுவது) வைக்க வேண்டும் என்கிறார், இன்னொருவர் காலை எடுத்துவிடலாம் என்கிறார், வீட்டுப் பெரியவர்களோ கட்டு கட்டினாலே சதை வளர்ந்து மூடிவிடும் என்கிறார்கள். இரண்டாவது, அவருடைய ஏழு வயது மகள். இரண்டு வருஷத்துக்கு முன்பு கொதிக்கும் ரசம் வலது பாதத்தின் மேல் கொட்டிவிட்டது. பேஸ்ட் தடவினார்கள், அப்புறம் களிம்பு போட்டார்கள், ஆறுவதற்கு ஏழெட்டு வாரம் ஆனது. இப்போது விரல்கள் மேல்நோக்கி இழுத்துக்கொண்டு, பள்ளிக்கூட ஷூ போட முடியவில்லை. வயதுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

இருபது வருஷத்துக்கு மேலாக நான் பிளாஸ்டிக் சர்ஜனாக இந்த வேலையைத்தான் செய்கிறேன், பெரும்பகுதி அரசு மருத்துவமனையில். முதலில் நேராகப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். தம்பியின் காயத்தைக் கட்டு மட்டும் மூடாது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அதற்கு ஃப்ளாப்தான் தேவைப்படும் என்று தோன்றுகிறது. இந்த வாரமே ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் அதை நேரில் பார்க்க வேண்டும். மகளுக்கும் காத்திருக்க வேண்டாம். வளரும் குழந்தைக்குத்தான் இதைச் சீக்கிரம் செய்ய வேண்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் காரணம் புரியாமல்தான் பல வீடுகளில் மாதக்கணக்கில் நாள் போய்விடுகிறது.

உங்கள் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் விரலை வைத்துக் கணுக்கால் வரை தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் நேராக எலும்பு தட்டும். நடுவில் சதையே இல்லை. இப்போது பின்பக்கம் கெண்டைக்காலைப் பிடித்துப் பாருங்கள். மேலே கொழுகொழுவென்று இருக்கும் சதை, கீழே இறங்க இறங்க மெலிந்து, குதிகாலுக்கு வரும்போது வெறும் நாணாகிவிடும், அதாவது தசையை எலும்போடு கட்டும் கயிறாகிவிடும். ஆக, காலின் கீழ் மூன்றில் ஒரு பங்கு என்பது எலும்பு, நாண், அவற்றின் மேல் போர்த்திய தோல், அவ்வளவுதான். தொடையில் தோல் பிய்ந்தால் அடியில் சதை இருக்கும், அதிலிருந்து புண் ஆறும். கணுக்கால் பக்கம் பிய்ந்தால் அடியில் எலும்பு நிற்கும். அதோடு தோலும் அங்கே இறுக்கமானது, பக்கத்திலிருந்து இழுத்துத் தைக்க இடம் கொடுக்காது. ரத்த ஓட்டமும் உடம்பின் மற்ற இடங்களைவிடக் குறைவு.

பெரியவர்கள் சொல்வதிலும் ஒரு பாதி உண்மை இருக்கிறது. சிவப்பாக, பொடிப்பொடியாகச் சதை வளர்வது நிஜம்தான், நாங்களும் அதற்காகக் காத்திருப்பது உண்டு. ஆனால் அது எலும்பின் மேல் வளர வேண்டுமானால், எலும்பைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு உயிரோடு இருக்க வேண்டும். அடிபட்டபோது அந்தச் சவ்வு உரிந்துபோய், வெள்ளை வெளேரென்று எலும்பு தெரிந்தால், அதன்மேல் எதுவும் முளைக்காது. பாறைமேல் புல் முளைக்காதது மாதிரி. காற்றுப் பட்டு அந்த எலும்பு நாளுக்கு நாள் காய்கிறது. முதலில் தந்தம் போல இருக்கும், பிறகு மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். பழுப்பானால் அந்தத் துண்டு செத்துவிட்டது என்று பொருள். செத்த எலும்புக்குள் ஒளிந்த கிருமியை எந்த ஆன்டிபயாட்டிக்கும் முழுதாக எட்டாது, ரத்தம் போகும் இடத்துக்குத்தான் மருந்தும் போகும்.

இதனால்தான் தோல் ஒட்டு வைப்பதா, ஃப்ளாப் வைப்பதா என்ற கேள்வி வருகிறது. இரண்டும் ஒன்றல்ல. விவசாயக் குடும்பத்தாருக்கு நான் எப்போதும் நாற்றை வைத்துச் சொல்வேன். தோல் ஒட்டு என்பது நாற்றைப் பிடுங்கி நடுவது. தொடையிலிருந்து காகிதம் போல மெல்லிசாக, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கனத்துக்குத் தோலைச் சீவி எடுத்துப் புண்ணின் மேல் பரப்புகிறோம். அதற்கென்று சொந்த ரத்தக்குழாய் இல்லை. முதல் இரண்டு நாள் அடியில் ஊறும் நீரைக் குடித்துத்தான் உயிரோடு இருக்கும், மூன்றாம் நாளிலிருந்து புண்ணிலுள்ள சின்னச் சின்னக் குழாய்கள் அதற்குள் புகுந்து ரத்தம் ஓட ஆரம்பிக்கும். அடியில் சேறு மாதிரி உயிருள்ள படுகை இருந்தால் பிடிக்கும். வெறும் எலும்பின் மேலோ, உறை உரிந்த நாணின் மேலோ வைத்தால் காய்ந்து சருகாகிவிடும். ஃப்ளாப் என்பது செடியை வேரும் மண்ணுமாகப் பெயர்த்து வைப்பது. தோல், கொழுப்பு, சில சமயம் தசை, இவற்றை அவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயோடு சேர்த்தே நகர்த்துகிறோம். தன் ரத்தத்தைத் தானே கொண்டுவருவதால் எலும்பு மேலும் உட்காரும், கம்பி, பிளேட் மேலும் உட்காரும். அது மட்டுமல்ல, அடியில் முறிந்து கிடக்கும் எலும்பு கூடுவதற்கும் அந்த ரத்தம் உதவுகிறது.

தோல் ஒட்டு வைத்த ஐந்தாம் நாள், முதல் தடவையாகக் கட்டைப் பிரிக்கும் நேரம், இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு ஒரு படபடப்பு இருக்கும். கட்டை சலைன் ஊற்றி நனைத்து நனைத்து, ஒவ்வொரு அடுக்காக எடுப்போம். அவசரப்பட்டு இழுத்தால் பிடித்த தோலும் சேர்ந்து வந்துவிடும். கடைசியில் புண்ணோடு ஒட்டியிருக்கும் வாசலின் தடவிய வலைத்துணியை ஒரு மூலையிலிருந்து உரிக்கும்போது, அடியில் வெளிர் ரோஸ் நிறத்தில் தோல் தெரிந்தால் பிடித்துவிட்டது. விரலால் மெல்ல அழுத்தினால் வெளுத்து, விட்டதும் மறுபடி சிவக்கும். சாம்பல் நிறத்தில் வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் இல்லை. அந்த அறையில் நோயாளி என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், காலைப் பார்க்கமாட்டார்.

சரி, ஃப்ளாப்புக்கு வருவோம். எங்கே காயம் என்பதைப் பொறுத்துத்தான் எங்கிருந்து எடுப்பது என்பது. முழங்காலை ஒட்டி இருந்தால் கெண்டைக்காலின் மேல்தசையில் ஒரு பாதியை முன்னால் திருப்பிப் போட்டு மூடிவிடலாம். அதனால் நடப்பது கெடாது. காலின் நடுப்பகுதிக்கு அதற்கு அடியில் இருக்கும் இன்னொரு தசை உதவும். உங்கள் தம்பிக்குப் போல் கீழ்ப்பகுதியில் இருந்தால்தான் சிரமம், பக்கத்தில் கடன் கேட்கச் சதை இல்லை. அங்கே இரண்டு வழி. புண் சின்னதாக இருந்து, சுற்றியுள்ள தோல் அடிபடாமல் நன்றாக இருந்தால், கெண்டைக்காலின் பின்புறத்திலிருந்து தோலையும் கொழுப்பையும் ஒரு காம்போடு எடுத்து, கணுக்காலுக்கு மேலே ஐந்து சென்டிமீட்டரில் உள்ள ஒரு சின்னக் குழாயை அச்சாக வைத்துக் கீழ்நோக்கித் திருப்பலாம். பிரான்சின் மாஸ்க்லே 1992-இல் எழுதிய இந்த முறை, நுண் அறுவை வசதி இல்லாத எத்தனையோ ஊர்களில் எத்தனையோ கால்களைக் காப்பாற்றியிருக்கிறது. எடுத்த இடத்தில் தோல் ஒட்டு வைப்போம். பாதத்தின் வெளியோரம் கொஞ்சம் மரத்துப் போகும், இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

புண் பெரிதாக இருந்தாலோ, சுற்றுத் தோல் நசுங்கியிருந்தாலோ, தூரத்திலிருந்துதான் கொண்டுவர வேண்டும். தொடையின் வெளிப்புறத் தோலையோ, முதுகிலுள்ள ஒரு பெரிய தசையையோ அதன் குழாய்களோடு முழுதாகக் கழற்றி, காலில் உள்ள ரத்தக்குழாயோடு இணைப்போம். இணைக்கும் குழாய்களின் விட்டம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. மைக்ராஸ்கோப் வைத்துத்தான் தைக்க முடியும். ஆறிலிருந்து எட்டு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். தோலைக் குழாயோடு கழற்றி இன்னோர் இடத்தில் இணைத்த வேலை உலகுக்கே 1973-இல்தான் அறிமுகமானது. இன்று நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சிலவற்றிலும் நடக்கிறது.

இதில் ஆபரேஷன் முடிந்த பிறகுதான் உண்மையான காவல். முதல் இரண்டு மூன்று நாள் ஒவ்வொரு மணிக்கும் ஃப்ளாப்பைப் பார்க்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நர்ஸ் குனிந்து பார்ப்பார். தொட்டால் சூடாக இருக்கிறதா, நிறம் எப்படி இருக்கிறது. சந்தேகம் வந்தால் ஊசியால் ஒரு குத்து. பளிச்சென்ற சிவப்பில் ஒரு சொட்டு நிதானமாக எழும்பி வந்தால் நிம்மதி. கறுத்த ரத்தம் குபுக்கென்று வந்தால் திரும்பிப் போகும் குழாய் அடைத்துவிட்டது. எதுவுமே வராவிட்டால் உள்ளே வரும் குழாய் அடைத்துவிட்டது. எதுவானாலும் அந்த ராத்திரியே மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும், விடியும்வரை பொறுத்தால் போச்சு. எத்தனையோ ஃப்ளாப்புகள் சர்ஜனின் கையால் மட்டும் பிழைக்கவில்லை, அந்த நர்ஸின் கண்ணால்தான் பிழைத்தன.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன், நாள் கணக்கு. ஸ்லோவேனியாவின் லியூப்லியானாவில் மார்கோ கோடினா என்ற சர்ஜன் இருந்தார். 532 பேருக்கு இப்படி நுண் அறுவை செய்து, எந்த நாளில் மூடினோம் என்பதை வைத்து மூன்றாகப் பிரித்து 1986-இல் எழுதினார். அடிபட்ட 72 மணி நேரத்துக்குள் மூடியவர்களில் ஃப்ளாப் கெட்டது 0.75 சதவீதம், கிருமித் தொற்று 1.5 சதவீதம். 72 மணி நேரம் தாண்டி மூன்று மாதம் வரை போனவர்களில் ஃப்ளாப் கெட்டது 12 சதவீதம், தொற்று 17.5 சதவீதம். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் முதல் கூட்டத்துக்குச் சராசரி 27, இரண்டாவதற்கு 130. கட்டுரை வந்த அதே ஆண்டில், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே, அவரும் சாலை விபத்தில்தான் போனார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

இந்த எண்களைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். உங்கள் தம்பி இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறார், அது உண்மை. ஆனால் கோடினாவின் காலத்துக்கும் இன்றைக்கும் நடுவே நிறைய மாறியிருக்கிறது. காற்றை உறிஞ்சி புண்ணைச் சுத்தமாக வைக்கும் வேக் மெஷின் 1997-க்குப் பிறகு பரவலாக வந்தது. குழாய்கள் எப்படி இருக்கின்றன என்று சி.டி. ஆஞ்சியோவில் முன்கூட்டியே பார்த்துவிடலாம். மூன்று வாரம் கழித்துச் செய்தும் நன்றாக வந்த கால்கள் ஏராளம். ஒன்று மட்டும் சொல்வேன். வேக் மெஷின் போட்டிருக்கிறோமே, அதனால் அவசரமில்லை என்று நினைப்பது தவறு. அது நேரம் வாங்கித் தரும், காயத்தை மூடித் தராது.

நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மருத்துவமனையில், லேத் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பையன் சேர்ந்திருந்தான். தம்பிக்கு இருக்கும் அதே இடத்தில் அதே மாதிரி காயம். எலும்பு கூடட்டும், அப்புறம் தோல் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு மாதத்துக்கு மேல் கட்டு மாற்றினார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அன்று வழக்கம் அதுதான். எங்கள் பிரிவுக்கு வந்தபோது எலும்பு கரிக்கட்டை மாதிரி இருந்தது. ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் கிருமி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியேறியிருந்தது. இந்தக் காயங்களில் பிறகு வந்து உட்காரும் கிருமிகளில் பெரும்பாலானவை சாலையில் ஒட்டியவை அல்ல, வார்டில் ஒட்டியவை. அந்தப் பையனின் கால் போய்விட்டது. எலும்பு டாக்டரும் பிளாஸ்டிக் சர்ஜனும் முதல் நாளே ஒரே மேஜையில் நின்று பார்க்க வேண்டும் என்று நான் எல்லா இடத்திலும் சொல்வதற்கு அவன்தான் காரணம்.

அப்படிப் பார்ப்பதை நம் தமிழ்நாட்டிலேயே ஒரு முறையாக வளர்த்தெடுத்திருக்கிறார்கள். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் எலும்பு சிகிச்சையில் டாக்டர் ராஜசேகரனும் பிளாஸ்டிக் சர்ஜரியில் டாக்டர் ராஜா சபாபதியும் சேர்ந்து வேலை செய்ததில், திறந்த எலும்பு முறிவுகளுக்கென்று ஒரு மதிப்பெண் முறை பிறந்தது. 2006-இல் வெளிவந்து, இன்று மற்ற நாடுகளிலும் எடுத்துப் பேசுகிறார்கள். தோல், எலும்பு, தசை-நாண்-நரம்பு என மூன்றுக்கும் தனித்தனியே ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். சர்க்கரை நோய், வயது, தாமதமாக வந்தது போன்ற காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. கூட்டிப் பார்த்து 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் காலைக் காப்பாற்ற முயலலாம், 17 அல்லது அதற்கு மேல் போனால் எடுப்பதே பெரும்பாலும் நல்லது, நடுவில் இருந்தால் அனுபவமுள்ளவர்கள் ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், காலை எடுத்துவிடலாம் என்று சொன்ன டாக்டர்மேல் கோபப்பட வேண்டாம். சில கால்களுக்கு அதுதான் சரியான வைத்தியம். அமெரிக்காவில் கடுமையாக அடிபட்ட 569 பேரை வைத்து 2002-இல் வந்த ஆய்வில், இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கும்போது காலைக் காப்பாற்றியவர்களும் காலை எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். ஆனால் அங்கே கிடைக்கும் செயற்கைக் காலும், அதைப் பழுதுபார்க்கும் வசதியும் வேறு. நம் ஊரில் வரப்பில் நடக்க வேண்டும், தரையில் உட்கார்ந்து எழ வேண்டும், கோயிலுக்குள் வெறுங்காலோடு போக வேண்டும். உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் உள்ள பாதத்தை, ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் பார்க்காமலே எடுத்துவிடுவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்: உள்ளங்காலில் தொட்டால் தம்பிக்குத் தெரிகிறதா? பாதம் சூடாக இருக்கிறதா? விரலை அசைக்கிறாரா? எலும்பில் எவ்வளவு செத்திருக்கிறது? செத்த எலும்பை வெட்டி எடுத்தால் இடைவெளி விழுமே என்று பயப்பட வேண்டியதில்லை. சைபீரியாவின் குர்கன் நகரில் டாக்டர் இலிசாரோவ் கண்டுபிடித்த, காலைச் சுற்றி வெளியே வளையங்கள் மாட்டும் முறையில் எலும்பை ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் வளர்க்க முடிகிறது. ஐந்து சென்டிமீட்டர் வளர்க்க ஐம்பது நாள், அது கெட்டிப்பட அதைப்போல இரண்டு மடங்குக்கும் கூடுதலாக ஆகும். நீண்ட பயணம்தான், எட்டு மாதம், ஒரு வருஷம்கூட ஆகலாம். இதை மறைத்து ஒரு மாதத்தில் நடந்துவிடுவார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, சாப்பாடு. புண் இருக்கும்போது முட்டை கூடாது, மீன் கூடாது, கத்தரிக்காய் கூடாது, புளிப்புப் பட்டால் சீழ் வைக்கும் என்று பத்தியம் போட்டு, கஞ்சியும் ரசமுமாகக் கொடுத்து, வாட்டி எடுத்து அழைத்து வருகிறார்கள். புண் ஆறுவதே புரதத்தால்தான். தினமும் இரண்டு மூன்று முட்டை, மீன் அல்லது கோழி, சுண்டல், பருப்பு, பால் எல்லாம் கொடுங்கள். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், 28 வயதிலும் இருக்கலாம். தம்பிக்கு சிகரெட், பீடிப் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். புகை சின்னக் குழாய்களைச் சுருக்கும், நாங்கள் எட்டு மணி நேரம் தைத்ததை ஒரு பீடி கெடுத்துவிடும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

செலவைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் அதுதான் மனதில் இருக்கும் என்று தெரியும். உங்களுக்குப் பக்கத்தில் புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. சென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை மூன்றிலும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இன்னொன்று: 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலைகளில் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் அரசே ஏற்கிறது. காயம் மூடப்பட வேண்டிய அந்தப் பொன்னான நேரத்தில் பாதிக்கு மேல் இதிலேயே அடங்கிவிடுகிறது. பணத்துக்கு ஓடிக்கொண்டு அந்த இரண்டு நாளை இழக்காதீர்கள்.

இனி உங்கள் மகள். அந்தக் குழந்தையின் பாதத்துக்கும் தம்பியின் காலுக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். ஆனால் இரண்டிலும் நடந்தது ஒன்றேதான், மூட வேண்டிய காயத்தைத் தானாக மூடட்டும் என்று விட்டது. தீக்காயம் மேலோட்டமாக இருந்தால் இரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும், தழும்பும் பெரிதாக வராது. மூன்று வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றால் அது ஆழமானது. அப்படிப்பட்டது ஆறும்போது தடித்துச் சுருங்கித்தான் ஆறும். கோடினாவின் அதே ஸ்லோவேனியாவில், மரிபோர் நகரத்தில் சோரா யான்செகோவிச் என்ற பெண் மருத்துவர் இருந்தார். வெந்த தோல் தானாக உதிரட்டும் என்று உலகமே காத்திருந்த காலத்தில், மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் அதைச் சீவி எடுத்து, அன்றே தோல் ஒட்டு வைத்து மூடினார். 1970-இல் அவர் எழுதிய பிறகுதான் தீக்காய வைத்தியம் மாறியது. ஒரே சின்ன நாடு, இரண்டு சர்ஜன்கள், ஒருவர் விபத்துக் காலுக்கும் ஒருவர் தீக்காயத்துக்கும் சொன்னது ஒரே விஷயம்.

பேஸ்ட் தடவியதற்காக உங்களை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் அவசரப் பிரிவில் இட்லி மாவு, பேனா மை, மஞ்சள், நெய் எல்லாம் பூசிக்கொண்டு வருகிறார்கள். காய்ந்து இறுகிப்போன மாவைக் குழந்தையின் காலிலிருந்து இடுக்கியால் பிய்த்து எடுக்கும்போது அது அலறுவதைக் கேட்டால், யாரும் அடுத்த முறை செய்யமாட்டார்கள். குழாய்த் தண்ணீர் போதும். இருபது நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்து, ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும். ஐஸ் வேண்டாம். உடனே செய்ய முடியாவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. பைக் சைலன்சர் சுட்டதும் இப்படித்தான். கெண்டைக்காலின் உள்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவு சுட்டிருக்கும், சின்னதுதானே என்று விடுவார்கள், பெரும்பாலும் அது ஆழமானது.

பாதத்தின் மேல்தோல் மெல்லியது. அது சுருங்கும்போது விரல்களைக் கணுக்காலை நோக்கி இழுக்கும். தழும்பு வளராது, ஆனால் குழந்தையின் எலும்பு வளரும். நூல் கட்டிய வில் மாதிரி வருஷத்துக்கு வருஷம் இழுப்பு கூடிக்கொண்டே போகும். இப்போது இறுகியிருப்பது தோல் மட்டும்தான். நான்கைந்து வருஷம் விட்டால் விரல் மூட்டுகளே அந்த நிலையில் இறுகி, எலும்பின் வடிவமும் மாறிவிடும். அப்போது தோலை விடுவித்தாலும் விரல் இறங்காது. வயதுக்கு வரும்வரை பொறுக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஆபரேஷன் பெரியதல்ல. இழுக்கும் தழும்பைக் குறுக்கே வெட்டி விடுவித்து, விரல்களைக் கீழே கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பி ஒன்றைச் செருகி நேராக நிறுத்துவோம். வெட்டிய இடத்தில் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், ஒரு கோடு போல வெட்டியது உள்ளங்கை அளவு திறந்துகொள்ளும். அவ்வளவு தோல் அத்தனை நாளும் அங்கே பற்றாமல் இருந்திருக்கிறது. அதை ஒட்டுத்தோலால் நிரப்புவோம். நாண் ஏதாவது வெளியே தெரிந்தால் மட்டும் ஃப்ளாப் தேவைப்படும். கம்பிகளை மூன்று வாரத்தில் எடுத்துவிடலாம்.

அதற்குப் பிறகுதான் உங்கள் வேலை ஆரம்பம். ஒட்டுத்தோலும் சுருங்கப் பார்க்கும், முதல் ஆறு மாதம் ரொம்பவே. விரல்களைக் கீழ்நோக்கி வைக்கும் ஸ்பிளின்ட் ராத்திரி முழுக்கப் போட வேண்டும், குளிக்கும் நேரம் தவிர நாள் முழுதும் அளவெடுத்துத் தைத்த அழுத்தச் சாக்ஸ் போட வேண்டும், ஒரு வருஷமாவது. நாளுக்கு நான்கைந்து முறை தேங்காய் எண்ணெய் தடவி நன்றாக அழுத்தித் தேய்த்து, விரல்களை மடக்கி மடக்கி விட வேண்டும். முதல் மாதம் குழந்தை அழும். அழுகிறாளே என்று பாட்டி ராத்திரி ஸ்பிளின்ட்டைக் கழற்றிவிடுவார், எங்கள் பிரிவில் இது வாரம் ஒரு கதை. பாட்டியையும் ஒரு தடவை ஓ.பி.க்கு அழைத்து வாருங்கள், அவர் கையில் பழைய தழும்பையும் புதுத் தோலையும் தொட்டுப் பார்க்கக் கொடுத்து நானோ இன்னொருவரோ விளக்கினால் அவரே கட்டிவிட ஆரம்பிப்பார். வளர்ச்சி வேகமெடுக்கும் பதின்வயதில் இன்னொரு முறை சின்னதாக விடுவிக்க வேண்டி வரலாம். அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு, இது உங்கள் மகளுக்கு இப்போதைக்கு அல்ல. பழைய தீக்காயத் தழும்பில் புண் வந்து வந்து ஆறி, பல வருஷம் கழித்து ஒருநாள் ஆறாமல் தடித்து, துர்நாற்றம் வர ஆரம்பித்தால் அது புற்றுநோயாக இருக்கலாம். சின்ன வயதில் பட்ட தீக்காயத் தழும்பில் ஆறாத புண்ணோடு யாராவது உங்கள் ஊரில் வருஷக்கணக்கில் களிம்பு போட்டுக்கொண்டிருந்தால், ஒரு துளிச் சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

தம்பியை அழைத்துப் போகும்போது முதல் நாளிலிருந்து எடுத்த எல்லா எக்ஸ்ரே படங்களையும், டிஸ்சார்ஜ் சீட்டுகளையும், சீழ்ப் பரிசோதனை முடிவு ஏதாவது இருந்தால் அதையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடிபட்ட அன்று போனில் எடுத்த படம் இருந்தால் அழிக்காதீர்கள், எனக்கு எக்ஸ்ரேயைவிட அது அதிகம் சொல்லும். முந்தின நாள் கட்டு மாற்றும்போதும் ஒரு படம் எடுத்துக்கொண்டால், ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும்போது கட்டைப் பிரித்துப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்காது. வண்டியில் போகும்போது காலைத் தலையணை வைத்து உயர்த்தியே வையுங்கள். மகளையும் அன்றே கூட்டிப் போங்கள், இரண்டு பேரையும் பார்க்கப் போவது ஒரே பிரிவுதான். அவள் போட முடியாமல் வைத்திருக்கும் அந்த ஷூவையும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே இடிக்கிறது என்று போட்டுக் காட்டச் சொல்வார்கள்.